மின்வழிச் சேவையும் மாற்றுத்திறனாளிகளின் உரிமையும்

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய பயிற்சி முகாமில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கிராம அபிவிருத்தி என்றவுடன் நம் மனத்தில் முதலில் தோன்றுவன சாலை, குடிநீர்த் தொட்டி, பள்ளிக் கட்டடம், நெற்களம், பாலம் ஆகியவையே. இவை கண்ணுக்குப் புலனாகும் பணிகள். கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் கண்ணுக்குப் புலனாகாத வேறொரு சாலையும் நம் ஊர்களுக்குள் வந்து சேர்ந்திருக்கிறது. பட்டாவும் சிட்டாவும் அவ்வழியே வருகின்றன. வீட்டு வரி அவ்வழியே செல்கிறது. உழவர் உதவித்தொகை, பயிர்க் காப்பீடு, ஓய்வூதியம், வங்கிக் கணக்கு ஆகிய யாவும் இன்று கைப்பேசியையும் கணினியையும் கொண்டே நடைபெறுகின்றன. அச்சாலையில் நம் ஊரார் எல்லோரும் நடக்க முடிகிறதா என்பதைப் பற்றியே இன்று நாம் சிந்திக்க இருக்கிறோம்.

பாசனத்தின் இலக்கணம் உங்களுக்குச் சொல்லித் தெரியவேண்டுவதில்லை. தலைமடையில் நீர் தளும்பிவிட்டது என்பதற்காக ஆயக்கட்டு முழுவதும் விளைந்துவிட்டதாக எவரும் கணக்கு எழுதுவதில்லை. கடைமடை வயலுக்கு நீர் எட்டிய பிறகே பாசனம் நிறைவுற்றது என்கிறோம். அரசின் சேவைகளுக்கும் இந்த அளவுகோலே பொருந்தும்.

யார் இவர்கள்?

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் ஏறத்தாழ 2 கோடியே 68 லட்சம் பேர். அவர்களுள் 1 கோடியே 86 லட்சம் பேர் கிராமங்களில் வாழ்பவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் 11 லட்சத்து 79 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கணக்கிடப்பட்டனர். ஆகவே இது நகரத்துப் பிரச்சினை என்று நாம் ஒதுக்கிவிட இயலாது.

இவர்கள் எல்லோரும் பிறவியிலேயே குறையுடன் பிறந்தவர்கள் என்று எண்ணுவதும் பொருந்தாது. கதிரடிக்கும் இயந்திரத்தில் கை சிக்கியவர் இருக்கிறார். மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தவர் இருக்கிறார். நீரிழிவு நோயினால் நடுவயதில் பார்வை மங்கியவர் இருக்கிறார். நேற்றுவரை நம்மோடு வரப்பில் நடந்த உழவர், இன்று மாற்றுத்திறனாளி ஆகக்கூடும். அவருடைய நிலமும், கடனும், குடும்பப் பொறுப்பும் அப்படியே இருக்கின்றன. அலுவலக வாயில்கள் மாத்திரம் அவருக்கு மூடிக்கொள்கின்றன.

தடை எங்கே இருக்கிறது?

பார்வையற்ற ஓர் உழவர் வங்கிக்குச் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய கைப்பேசிக்கு ஓ.டி.பி. எண் வருகிறது. அதைப் படித்துச் சொல்ல அவர் வேறொருவரை நாட வேண்டியிருக்கிறது. பணப்பெட்டியின் சாவியைப் பிறர் கையில் கொடுப்பதற்கு ஒப்பான செயல் இது. இரு கைகளையும் இழந்தவரை நோக்கி இயந்திரம், “விரலை வை” என்கிறது. காது கேளாதவர் உதவி மையத்தை நாடினால், “தொலைபேசியில் அழைக்கவும்” என்ற பதில் கிடைக்கிறது. சக்கர நாற்காலியில் வந்தவர் இ-சேவை மையத்தின் மூன்று படிகளுக்குக் கீழே நிற்கிறார். இந்நால்வரும் அறிவிலோ தகுதியிலோ குறைந்தவர்கள் அல்லர். சேவையை அமைத்தவர்கள் இவர்களை நினைவில் கொள்ளவில்லை. தடை அங்கேதான் பிறந்தது.

பார்வையற்றவர் கைப்பேசியை எவ்வாறு கையாள்கிறார் என்பதை நம்மில் பலர் கண்டிருக்கமாட்டோம். திரையில் உள்ள எழுத்தைக் குரலாக மாற்றிப் படிக்கும் ஏற்பாடு கைப்பேசிக்குள்ளேயே உண்டு. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் அதற்கு ‘டாக்பேக்’ என்று பெயர். ஐபோனில் ‘வாய்ஸ்ஓவர்’ என்று பெயர். கணினிக்கு ‘என்.வி.டி.ஏ.’ என்னும் மென்பொருள் உள்ளது. பார்வையற்றவரான மைக்கேல் கரன் என்னும் ஆஸ்திரேலியர் 2006-ஆம் ஆண்டில் தொடங்கிய முயற்சி அது. அதை எவரும் விலையின்றிப் பெறலாம். தமிழையும் அது படிக்கும். விரல் திரையின்மீது நகர நகர, அவ்விடத்தில் இருப்பதைக் குரல் சொல்லும். கேட்டுக் கேட்டு அவர் தம் வேலையைத் தாமே முடித்துக்கொள்வார்.

ஆயினும் அக்குரல் எழுத்தைத்தான் படிக்கும். நாம் ஓர் அறிவிப்பைத் தாளில் அச்சிட்டு, முத்திரையிட்டு, அதைப் படம் பிடித்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் இட்டால், அக்குரல் பெரும்பாலும் ‘படம்’ என்று மட்டும் சொல்லி நின்றுவிடும். கிராம சபை நடைபெறும் நாளும் இடமும் அப்படத்துக்குள் இருந்தும் அவருக்குப் பயனில்லை. பழைய தமிழ் எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பும் இத்தகையதே. கண்ணுக்கு அது தமிழாகத் தோன்றும். கணினிக்குள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துக்களும் குறிகளுமே. ஆதலால் குரல் பொருளற்ற ஒலிகளைப் படிக்கிறது. ஒருங்குறி எனப்படும் யூனிக்கோடு முறையில் தட்டச்சு செய்தால் இத்தொல்லை நீங்கும். 2010-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. எழுத்துருவை மாற்றுவதற்கு ஊராட்சி நிதியில் ஒரு காசும் செலவாவதில்லை என்பதை உறுப்பினர்கள் கவனிக்க வேண்டும்.

சட்டம் சொல்வது

2006-ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய உடன்படிக்கையை நிறைவேற்றியது. 2007-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளில் இந்தியா அதனை ஏற்று உறுதி செய்தது. அதற்கேற்ப, 1995-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பதிலாக, மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-ஆம் ஆண்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. 21 வகைக் குறைபாடுகளை அச்சட்டம் குறிப்பிடுகிறது.

அதன் 13-ஆவது பிரிவு, மாற்றுத்திறனாளிகளும் பிறரைப் போலவே சொத்து வைத்துக்கொள்ளவும், மரபுரிமையாகப் பெறவும், தம் பணத்தைத் தாமே நிர்வகிக்கவும், வங்கிக் கடன் பெறவும் உரிமையுடையவர்கள் என்கிறது. உதவி செய்ய வருபவர் அவர்களுடைய சுதந்திரத்தையும் கண்ணியத்தையும் அந்தரங்கத்தையும் மதிக்க வேண்டும் என்றும் அப்பிரிவு கூறுகிறது. 42-ஆவது பிரிவு மின்னணு ஊடகங்களையும் அச்சு ஊடகங்களையும் பற்றியது. அவற்றில் வெளியாகும் செய்திகள் மாற்றுத்திறனாளிகளும் அறியக்கூடிய வடிவில் கிடைக்க அரசு ஆவன செய்ய வேண்டும் என்பது அதன் கருத்து. 46-ஆவது பிரிவின்படி, அரசு ஆயினும் தனியார் ஆயினும், சேவை வழங்குவோர் அதற்குரிய விதிகளைப் பின்பற்றியே சேவை வழங்குதல் வேண்டும். சட்டத்தை மீறுவோருக்கு முதல் முறை 10,000 ரூபாய் வரையிலும், மீண்டும் மீறினால் 50,000 ரூபாய்க்குக் குறையாமல் 5 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்க 89-ஆவது பிரிவு இடமளிக்கிறது. மாற்றுத்திறனாளி ஒருவரைப் பலர் காணும் இடத்தில் வேண்டுமென்றே அவமதிப்பது, ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமாகும்.

உழவர்கள் நினைவில் கொள்ளவேண்டிய பிரிவு ஒன்றும் உண்டு. 37-ஆவது பிரிவு, விவசாய நிலமும் வீடும் ஒதுக்கும் அரசுத் திட்டங்களிலும், வறுமை ஒழிப்புத் திட்டங்களிலும், 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுடையவர்களுக்கு நூற்றுக்கு ஐந்து இடங்கள் ஒதுக்கப்பட வேண்டும் என்கிறது, பெண்களுக்கு முன்னுரிமை. அத்திட்டங்களுக்கு விண்ணப்பிக்கும் வழி கணினி ஒன்றேயாகி, அக்கணினி பார்வையற்றவருக்கும் கையற்றவருக்கும் இடங்கொடுக்காவிட்டால், அந்த ஐந்து இடங்கள் தாளில் மட்டுமே இருக்கும்.

நீதிமன்றம் தந்த தெளிவு

சட்டம் இருந்தும் நடைமுறையில் தளர்ச்சி நேர்ந்தது. 2017-ஆம் ஆண்டு விதிகளில் 15-ஆவது விதி, அணுகல் வசதி பற்றிய பல நெறிகளைச் செய்தால் நல்லது என்னும் பரிந்துரையளவில் நிறுத்திவிட்டது. 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் இதை ஆராய்ந்து, சட்டம் கட்டாயம் என்று வகுத்ததை விதி விருப்பமாக மாற்ற இயலாது என்று தீர்ப்பளித்தது. எவரும் மீற முடியாத அடிப்படை நெறிகளைத் தனியே வகுக்குமாறும் மத்திய அரசைப் பணித்தது.

அடுத்த ஆண்டில் இன்னொரு வழக்கில் தீர்ப்பு வந்தது. அமில வீச்சுக்கு ஆளாகிக் கண்ணிமைகள் சிதைந்தவர்களும் பார்வையற்றவர்களும் தொடர்புடைய வழக்கு அது. வங்கிக் கணக்கு தொடங்குவதற்கான இணையவழிச் சோதனையில், உயிருள்ள மனிதர்தாம் என்பதைக் காட்டக் கண்களை இமைக்கவேண்டும் என்பது நிபந்தனை. இமைக்கவே இயலாதவர் என்ன செய்வார்? நீதிபதிகள் ஜே.பி. பார்திவாலா, ஆர். மகாதேவன் ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு 2025 ஏப்ரல் 30 அன்று இதற்கு விடை பகர்ந்தது. மின்வழிச் சேவைகளை அணுகும் உரிமை, அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு உறுதி செய்யும் வாழ்வுரிமையின் பகுதியே என்று அமர்வு கூறி, 20 கட்டளைகளைப் பிறப்பித்தது. இமைப்பதற்கு மாற்றான சோதனை முறை வேண்டும். தாளில் விண்ணப்பிக்கும் வழியும் தொடர வேண்டும். இயந்திரம் நிராகரித்த விண்ணப்பத்தை மனிதர் ஒருவர் மறுபடியும் பார்க்க வேண்டும் என்பன அவற்றின் சாரத்துள் அடங்கும்.

இத்தீர்ப்புகளிலிருந்து நம் ஊராட்சிகள் கைக்கொள்ளவேண்டிய நெறி ஒன்றே. இயந்திரம் அறியவில்லை என்னும் காரணத்தால் உரிமையுடைய எவரும் வெறுங்கையோடு திரும்பக்கூடாது. ஒரு வழி அடைபட்டால் மற்றொரு வழி திறந்திருக்க வேண்டும்.

இது நடைமுறைக்கு ஒவ்வாத ஆசை அன்று. ஆண்டுக்கு 6,000 ரூபாய் வழங்கும் பி.எம். கிசான் திட்டத்தில் உழவரை அடையாளம் காண ஓ.டி.பி., விரல் ரேகை, முகப் பதிவு என மூன்று வழிகள் வைக்கப்பட்டன. 2025 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் 70 வயது கடந்தோர்க்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருள்களை வீடு தேடிக் கொண்டுசெல்லும் திட்டம் தொடங்கப்பட்டது. வாக்குப்பதிவு இயந்திரத்தில் பொத்தான்களின் அருகே பிரெயில் எண்கள் பொறிக்கப்பட்டிருப்பதையும் நாம் அறிவோம். பார்வையற்றவரின் வாக்கு இரகசியமாக இருக்கலாம் என்றால், அவருடைய வங்கி எண்ணும் இரகசியமாக இருத்தல் தகும் அல்லவா?

ஊராட்சி செய்யக்கூடியவை

பெரிய திட்டங்களை மேலிருந்து எதிர்பார்த்து நாம் வாளாவிருக்க வேண்டுவதில்லை. ஊராட்சியின் கைக்கு எட்டிய பணிகள் பல உள்ளன.

முதலாவது, அறிவிப்புகள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. அதற்கான அறிவிப்பைப் படமாக மட்டும் அனுப்பாமல், ஒருங்குறி எழுத்தில் தட்டச்சு செய்து அனுப்புவோம். அதையே ஒருவர் படித்துக் குரல் பதிவாகவும் இடட்டும். பார்வையற்றவருக்கும் எழுத்தறியாத முதியவருக்கும் குரல் பயன்படும். காது கேளாதவருக்கு எழுத்து பயன்படும்.

இரண்டாவது, இ-சேவை மையம். படிகள் இருந்தால் சாய்தளம் அமைப்போம். மேசை, சக்கர நாற்காலி நுழையும் உயரத்தில் இருக்கட்டும். அங்குள்ள கணினி ஒன்றில் திரையைப் படிக்கும் மென்பொருளை நிறுவுவோம். பணியாளர் விண்ணப்பத்தை நிரப்பினால், அனுப்புவதற்கு முன் அதை முழுதும் படித்துக் காட்டி ஒப்புதல் பெற வேண்டும். கடவுச்சொல்லை விண்ணப்பதாரரே இடுவதற்கு அவகாசம் தருதல் வேண்டும்.

மூன்றாவது, தாள் விண்ணப்பம். கணினிவழி இயலாதவர் கொண்டுவரும் விண்ணப்பத்தை ஊராட்சி அலுவலகத்தில் பெற்றுக்கொண்டு ஒப்புகைச் சீட்டு கொடுப்போம். வேறு துறைக்கு உரியதாயின், அத்துறைக்கு அனுப்பிவைப்போம். “இணையத்தில் போடுங்கள்” என்னும் ஒரு சொல்லோடு அனுப்பிவிடுதல் முறையன்று.

நான்காவது, ஒரு பதிவேடு. விரல் ரேகை பதியாமையாலோ, வேறு தொழில்நுட்பக் காரணத்தாலோ திரும்பிச் சென்றவர் யார், எந்நாளில், எந்தச் சேவைக்கு என்று எழுதி வைப்போம். கிராம சபைதோறும் அதைப் படித்து, தீர்வு கிட்டாதவற்றைத் தீர்மானமாக மாவட்ட நிர்வாகத்துக்கு அனுப்புவோம். வாய்மொழிக் குறை காற்றோடு போய்விடும். பதிவேட்டில் ஏறிய குறைக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

ஐந்தாவது, மன்றத்துக்குள்ளேயே இடம். 2025-ஆம் ஆண்டில் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் திருத்தப்பட்டு, கிராம ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், மாவட்ட ஊராட்சி ஆகிய ஒவ்வொன்றிலும் மாற்றுத்திறனாளி ஒருவரை உறுப்பினராக நியமிக்க வழி செய்யப்பட்டது. அவ்வாறு வருபவருக்கு நாற்காலி போடுவதோடு நம் கடமை முடிவதில்லை. கூட்டப் பொருளும் வரவு செலவுக் கணக்கும் அவர் அறியக்கூடிய வடிவில் முன்கூட்டியே அவரிடம் சேர்தல் வேண்டும். காது கேளாதவராயின் சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவருக்கு ஏற்பாடு செய்தல் வேண்டும். அவர் கருத்துச் சொல்ல இயலாத கூட்டத்தில் அவர் பெயர் மட்டும் வருகைப் பதிவேட்டில் இருந்து என்ன பயன்?

செலவு பற்றி

“ஊரில் இப்படிப்பட்டவர் நாலைந்து பேர், அவர்களுக்காக இத்தனை ஏற்பாடா?” என்று கேட்போர் உண்டு. அவர்களைக் கடிந்துகொள்ளாமல் நாம் விளக்கம் சொல்ல வேண்டும். உரிமைக்குத் தலையெண்ணிக்கை அளவாகாது என்பது ஒன்று. இவ்வேற்பாடுகளால் பயன்பெறுவோர் அந்நாலைந்து பேர் மட்டுமல்லர் என்பது மற்றொன்று. ஆண்டுக்கணக்கில் மண்வெட்டியும் அரிவாளும் பிடித்து உழைத்தவர்களின் விரல் ரேகை தேய்ந்து, இயந்திரம் அவர்களையும் அறிய மறுக்கிறது. கண்புரை கண்ட முதியவருக்குத் திரையின் சிற்றெழுத்து தெரிவதில்லை. சாய்தளத்தில் கர்ப்பிணிப் பெண்ணும் ஏறுவார். நெல்மூட்டை தள்ளுவண்டியும் ஏறும். நாமும் ஒருநாள் முதுமை எய்துவோம். இன்று போடும் வழியில் நாளை நடக்கப்போவது நாமே.

குறை நேர்ந்தால்

உரிமை மறுக்கப்பட்டவர் எங்கே செல்வது என்பதையும் உறுப்பினர்கள் அறிந்து, பிறருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டும். முதலில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் எழுத்து மூலம் தெரிவிக்கலாம். அடுத்து, மாநிலத்தின் மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் முறையிடலாம். உரிமை மறுப்பை விசாரிக்கும்போது, சாட்சிகளை அழைத்தல், ஆவணங்களைக் கேட்டுப் பெறுதல் முதலியவற்றில் உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் அவருக்கு உண்டு. அவர் செய்யும் பரிந்துரையின்மீது எடுத்த நடவடிக்கையை உரிய அதிகாரி மூன்று மாதங்களுக்குள் தெரிவிக்க வேண்டும்.

வழக்குத் தொடுக்கப் பணமில்லையே என்று கலங்கவும் வேண்டாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி மாற்றுத்திறனாளிகள் இலவசச் சட்ட உதவி பெறும் தகுதியுடையவர்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இயங்குகிறது. 15100 என்னும் எண்ணிலும் உதவி கேட்கலாம். இவ்வெண்ணை ஊராட்சி அலுவலகச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைப்பீர்களாக.

அன்பர்களே! நம் முன்னோர் வாய்க்கால் வெட்டியபோது, கடைசி வயல் வரை வாட்டம் பார்த்து வெட்டினார்கள். மேட்டில் நின்றுவிட்ட நீருக்கு வயலைக் குறைகூறியவர் எவரும் இலர், வாய்க்காலைத்தான் சீர்செய்தார்கள். மின்வழிச் சேவை எட்டாத இடத்திலும் நாம் சீர்செய்யவேண்டுவது சேவையையே. அடுத்த கிராம சபைக்குள், மேலே சொன்ன ஐந்தில் இரண்டையேனும் உங்கள் ஊராட்சியில் தொடங்குவது என்று உறுதி கொள்ளுங்கள். அறிவிப்பை எழுத்திலும் குரலிலும் அனுப்புவதும், பதிவேடு ஒன்றைத் திறப்பதும் நாளைக் காலையிலேயே ஆகக்கூடியவை. அவ்வறிவிப்பைத் தம் கைப்பேசியில் தாமே கேட்டறிந்து கிராம சபைக்கு வந்து அமரும் ஒருவரை நீங்கள் காணும் நாளில், உங்கள் பணியின் பயனை நேரில் காண்பீர்கள்.